கண்ணை மட்டும் விட்டுவிட்டு

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு வரும் அப்பாக்கள் ஆசிரியரிடம் சொல்லும் வாசகம் ஒன்று உண்டு. “கண்ண மட்டும் விட்டுட்டு மத்த தோல உரிச்சிருங்க சார்.” நாற்பது வயதைத் தாண்டிய தமிழர்களில் இதைக் கேட்காதவர்கள் குறைவு. ஆறாம் வகுப்பில் சேரப் போன நாளில் நானும் கேட்டேன். என் தலைக்கு மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. சொன்னவர் என் அப்பா. அவர் கொடுமைக்காரர் அல்லர். தன் வாழ்நாளில் என்னை நான்கைந்து தடவைக்கு மேல் அடித்ததில்லை. அந்த வாசகத்தில் பாசம் இருந்தது, பிள்ளை எங்கே கெட்டுப்போய்விடுவானோ என்ற பயம் இருந்தது, கூடவே ஒரு சட்டமும் இருந்தது.

அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் போனதில் எழுதியதுதான் இந்தக் கட்டுரை. பிள்ளையின் உடம்பின் மீது தந்தைக்கு அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தை அவர் ஆசிரியருக்குக் கைமாற்றிக் கொடுக்கலாம். அதற்கு ஓர் எல்லை உண்டு, நம் ஊரில் அந்த எல்லை கண். இந்த மூன்றும் அந்த ஒற்றை வரிக்குள் இருக்கின்றன. உலக நாடுகளின் குழந்தைப் பாதுகாப்புச் சட்டங்களை எடுத்துப் படித்தால், நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவை இந்த மூன்றோடுதான் மல்லுக்கட்டி வந்திருக்கின்றன. குழந்தைத் தொழில், குழந்தைத் திருமணம், பாலியல் கொடுமை ஆகியவற்றுக்கு எதிராகவும் சட்டங்கள் இருக்கின்றன. அங்கெல்லாம் குற்றவாளி யாரோ ஓர் அந்நியர் என்று நினைத்துக்கொள்ள நமக்கு இடமிருக்கிறது. அடிக்கும் விஷயத்தில் அந்த இடம் கிடையாது. ஆகவே ஒரு நாடு குழந்தையை என்னவாக மதிக்கிறது என்பதை அறிய, அடியைப் பற்றி அதன் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்பதுதான் நேர்வழி என்று எனக்குப் படுகிறது.

இங்கிலாந்தின் தென்கரையில் ஈஸ்ட்போர்ன் என்று ஓர் ஊர். தாமஸ் ஹாப்லி என்ற ஆசிரியர் வசதியான வீட்டுப் பிள்ளைகளைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் பாடம் நடத்திவந்தார். அவரிடம் ரெஜினால்ட் கான்செலர் என்ற 15 வயதுப் பையன் படித்தான். படிப்பு ஏறவில்லை, கணக்கு வரவேயில்லை. எல்லாம் பிடிவாதம் என்று முடிவுகட்டிய ஹாப்லி, கடுமையாக அடித்துத் திருத்த அனுமதி கேட்டுப் பையனின் தந்தைக்குக் கடிதம் எழுதினார். தந்தையும் சம்மதித்துப் பதில் எழுதினார். 1860 ஏப்ரல் மாத இரவு ஒன்றில் ஹாப்லி அவனைத் தடியாலும் கயிற்றாலும் நெடுநேரம் அடித்தார். விடிந்தபோது பையன் பிணமாகக் கிடந்தான். பார்க்க வந்தவர்களுக்கு முகம் மட்டுமே தெரிந்தது. கைகளில் கையுறை, கால்களில் நீண்ட காலுறை. செத்துப்போனவனுக்கு எதற்குக் கையுறை என்று சந்தேகப்பட்டவர் பாதிரியாராக இருந்த அவனுடைய அண்ணன். பிரேதப் பரிசோதனையில் கையுறைக்கும் காலுறைக்கும் கீழே தசை நைந்து கிடந்தது தெரியவந்தது. மூளைக்குள் நீர் கோத்திருந்ததும் தெரியவந்தது. பையனுக்குக் கணக்கு வராமல் போனதற்குக் காரணம் அதுவாக இருக்கலாம் என்று யாரும் அதுவரை நினைத்துப் பார்க்கவில்லை.

ஹாப்லிக்கு 4 ஆண்டு கடுங்காவல் கிடைத்தது. ஆனால் அந்த வழக்கு சட்டப் புத்தகங்களில் இன்றுவரை நிற்பது தண்டனைக்காக அன்று. தலைமை நீதிபதி காக்பர்ன் அதில் ஒரு விதியை வகுத்துச் சொன்னார். பெற்றோரோ, பெற்றோர் தம் அதிகாரத்தை ஒப்படைத்த ஆசிரியரோ குழந்தையைத் திருத்துவதற்காக மிதமான, நியாயமான உடல் தண்டனை கொடுக்கலாம். கோபத்தைத் தீர்த்துக்கொள்வதற்காக அடித்தாலோ, அளவு மிஞ்சினாலோ, குழந்தை தாங்க முடியாதபடி அடித்தாலோ, பயன்படுத்திய கருவி தகாததாக இருந்தாலோ மட்டும்தான் குற்றம். அடித்தே கொல்லப்பட்ட ஒரு சிறுவனின் வழக்கு, எந்த அளவுக்கு அடிக்கலாம் என்பதற்கு ஆதாரமாகிவிட்டது. “நியாயமான தண்டனை” என்ற சொற்றொடர் அங்கிருந்துதான் பிரிட்டிஷ் கொடி பறந்த நாடுகளுக்கெல்லாம் போனது.

அதே 1860ஆம் ஆண்டு அக்டோபரில் கல்கத்தாவில் இந்திய தண்டனைச் சட்டம் நிறைவேறியது. அதன் 89ஆம் பிரிவு இப்படிப் போகிறது: 12 வயதுக்கு உட்பட்ட ஒருவரின் நன்மைக்காக, நல்லெண்ணத்தோடு, பாதுகாவலரோ அவருடைய சம்மதத்தின் பேரில் மற்றவரோ செய்யும் செயல், அதனால் தீங்கு நேர்ந்தாலும் குற்றமாகாது. மரணத்தையோ கொடுங்காயத்தையோ வேண்டுமென்றே விளைவிக்கக் கூடாது என்ற வரம்புகள் உண்டு. முதல் வரைவை எழுதிய மெக்காலேயின் பாணிப்படி இந்தச் சட்டத்தில் பல பிரிவுகளுக்குக் கீழே ஓர் உதாரணம் கொடுக்கப்பட்டிருக்கும். இந்தப் பிரிவின் உதாரணத்தை நிறுத்திப் படிக்க வேண்டும். தன் குழந்தையின் சம்மதம் இல்லாமல், அதன் நன்மைக்காக ஒரு தந்தை அறுவை மருத்துவரைக் கொண்டு அதன் உடலிலிருந்து கல்லை எடுக்கச் செய்கிறார். உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தே செய்கிறார். குணமாக வேண்டும் என்பதே அவருடைய நோக்கம். எனவே அவர் குற்றவாளி அல்லர்.

மயக்க மருந்து அப்போதுதான் பரவத் தொடங்கியிருந்தது. சிறுநீர்ப்பைக் கல்லுக்குக் கத்தி வைப்பது உயிர்ப் பந்தயம். அந்தத் தந்தையைக் காப்பாற்ற எழுதப்பட்ட பிரிவு இது. பிரம்பு என்ற சொல்லோ அடி என்ற சொல்லோ அதில் எங்கும் வரவில்லை. ஆனாலும் மருத்துவரின் கத்திக்காகத் திறந்துவைத்த கதவின் வழியே வாத்தியாரின் பிரம்பும் உள்ளே வந்தது. 1949இல் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. 15 வயது மாணவனைத் தலைமையாசிரியர் பிரம்பால் ஐந்து அடி அடித்திருந்தார். பையன் 12 வயதைக் கடந்தவன் என்பதால் முந்தைய 88ஆம் பிரிவு கைகொடுத்தது. பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும்போதே ஒழுங்குக்காகத் தண்டிக்கவும் மறைமுகமாகச் சம்மதித்துவிடுகிறார்கள் என்பது நீதிமன்றத்தின் வாதம். தலைமையாசிரியர் குற்றமற்றவர் ஆனார். என் அப்பா வாய்விட்டுச் சொன்னதை, சொல்லாத அப்பாக்களின் சார்பிலும் சட்டமே சொல்லிவிட்டது.

இலங்கையின் 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக் கோவை இந்தியச் சட்டத்தை அடியொற்றி எழுதப்பட்டது. அங்கே 1939இல் சிறுவர்களுக்கென்றே ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. சிறுவருக்குக் கொடுமை இழைப்பதைக் குற்றமாக்கிய அதன் 71ஆம் பிரிவு, பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உள்ள தண்டிக்கும் உரிமையை இது பாதிக்காது என்றும் அதே பிரிவுக்குள்ளேயே சொன்னது. இதற்கு முன்மாதிரி இங்கிலாந்தின் 1889ஆம் ஆண்டுக் குழந்தைக் கொடுமைத் தடுப்புச் சட்டம். குழந்தைகளின் சாசனம் என்று கொண்டாடப்பட்ட சட்டம் அது. அதிலும் இதே விலக்கு இருந்தது. கால்நடைகளைக் கொடுமையாக அடிப்பதைத் தடுத்து இங்கிலாந்து சட்டம் போட்டது 1822இல். மாட்டுக்குக் கிடைத்த பாதுகாப்பு பிள்ளைக்குக் கிடைக்க 67 ஆண்டுகள் ஆயின, அதுவும் அரைகுறையாக.

நமக்கு அடி இங்கிலாந்திலிருந்துதான் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பையனின் கையை உயரக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட கோதண்டம் நம் சொந்தச் சரக்கு. அடியாத மாடு படியாது என்ற பழமொழியும் நம்முடையதுதான். ஆங்கிலேயச் சட்டம் அந்த வழக்கத்துக்குப் பிரிவு எண் கொடுத்தது.

“நியாயமான” என்ற அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். இங்கிலாந்தில் 1990களின் தொடக்கத்தில் 9 வயதுச் சிறுவன் ஒருவனை மாற்றாந்தந்தை தோட்டப் பிரம்பால் பலமுறை அடித்தார். காயங்களை மருத்துவர் பதிவு செய்திருந்தார். வழக்கு நடந்தது. நியாயமான தண்டனைதான் என்ற வாதத்தைக் கேட்ட ஜூரிகள் 1994இல் அவரை விடுதலை செய்தார்கள். பையனின் தரப்பு ஸ்ட்ராஸ்பூர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்துக்குப் போனது. தன் சட்டத்தால் அந்தக் குழந்தையைக் காக்கத் தவறியது பிரிட்டன்தான் என்று 1998இல் தீர்ப்பு வந்தது. பிரிட்டன் என்ன செய்தது? 2004இல் சட்டத்தைத் திருத்தி, காயம் உண்டாக்கும் அடிக்கு மட்டும் அந்த வாதம் செல்லாது என்றது. தழும்பு விழாத அடி இங்கிலாந்தில் இன்றும் “நியாயமானது”. ஸ்காட்லாந்து 2020 நவம்பரிலும் வேல்ஸ் 2022 மார்ச்சிலும் அந்த விலக்கை அடியோடு நீக்கிவிட்டன. பிரிஸ்டலிலிருந்து கார்டிஃபுக்குக் காரில் போகும் குடும்பம் செவர்ன் முகத்துவாரப் பாலத்தைக் கடக்கிறது. பின்சீட்டில் அடம்பிடிக்கும் குழந்தையின் காலில் விழும் ஒரே அடி, பாலத்தின் ஒரு தலையில் பெற்றோரின் உரிமை, மறு தலையில் குற்றம்.

கனடாவில் இது இன்னும் நுணுக்கமாகப் போனது. அங்கே குற்றவியல் சட்டத்தின் 43ஆம் பிரிவு, திருத்துவதற்காக நியாயமான அளவு பலத்தைப் பயன்படுத்த இடம் தருகிறது. அது அரசியல் சாசனத்துக்கு முரணானது என்ற வழக்கை 2004இல் உச்ச நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பால் தள்ளுபடி செய்தது. ஆனால் எல்லை வகுத்தது. 2 வயதுக்குக் கீழே அடிக்கக் கூடாது. பதின்ம வயதினரை அடிக்கக் கூடாது. பொருளால் அடிக்கக் கூடாது. தலையில் அடிக்கக் கூடாது. தீர்ப்பைப் படித்தபோது எனக்கு என் அப்பாவின் குரல்தான் கேட்டது. அவர் கண்ணை விலக்கினார், ஒட்டாவாவின் நீதிபதிகள் தலையை விலக்கினார்கள். 2015இல் கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் 94 பரிந்துரைகளில் ஆறாவதாக இந்தப் பிரிவை நீக்கச் சொன்னது. பழங்குடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த உறைவிடப் பள்ளிகளைப் பற்றி விசாரித்த ஆணையம் அது. அங்கே விழுந்த அடிகளும் திருத்துவதற்காக விழுந்தவையே என்றுதான் அந்தக் காலத்தில் சொல்லப்பட்டது.

அமெரிக்காவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1968இல் ஆர்கன்சா மாநிலச் சிறைகளில் கைதிகளைத் தோல்வாரால் அடிப்பதை ஒரு கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் தடைசெய்தது. அது கொடிய தண்டனை, அரசியல் சாசனத்தின் எட்டாவது திருத்தத்துக்கு விரோதம் என்றது. 1977இல் மியாமி பள்ளி மாணவன் ஒருவனின் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. 14 வயது. மேசைமேல் குப்புறப் படுக்கவைத்து மரத்துடுப்பால் 20 அடிகளுக்கு மேல் விழுந்து, ரத்தம் கட்டி, பல நாள் பள்ளிக்குப் போக முடியாமல் கிடந்தவன். எட்டாவது திருத்தம் குற்றவாளிகளுக்காக எழுதப்பட்டது, பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பொருந்தாது என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பானது. கைதியை அடிக்கக் கூடாத நாட்டில் மாணவனை அடிக்கலாம். பல தென் மாநிலங்களில் அது இன்னும் சட்டம். 1989இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட குழந்தை உரிமைகள் உடன்படிக்கையில் கையெழுத்திட்டும் அதை உறுதிசெய்யாமல் இருக்கும் ஒரே ஐ.நா. உறுப்பு நாடு அமெரிக்கா.

இனி ஸ்வீடனுக்கு வருகிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், ஏனென்றால் மற்ற நாடுகள் எவ்வளவு அடிக்கலாம் என்று அளந்துகொண்டிருந்தபோது, அளவுகோலையே தூக்கிப் போட்ட முதல் நாடு அது. அங்கும் எல்லாம் ஒரே நாளில் நடந்துவிடவில்லை. 1957இல் குற்றவியல் சட்டத்திலிருந்தும், 1966இல் பெற்றோர் சட்டத்திலிருந்தும் அடிக்கும் உரிமையைக் குறிக்கும் சொற்கள் நீக்கப்பட்டன. உரிமை இருந்த இடம் காலியானது, தடை என்று எதுவும் அங்கே எழுதப்படவில்லை. அந்தக் காலி இடத்தில் பழைய வழக்கம் அப்படியே உட்கார்ந்திருந்தது. 1971இல் மாற்றாந்தந்தையால் அடிபட்டு ஒரு சிறுமி இறந்தாள். அந்த ஆண்டே குழந்தை எழுத்தாளர் குன்னல் லிண்டேயின் முயற்சியில் குழந்தைகளின் உரிமைக்காக ‘பிரிஸ்’ என்ற அமைப்பு தொடங்கியது. 1975இல் 3 வயது மகளை அடித்த ஒரு தந்தையை நீதிமன்றம் விடுவித்தது. தந்தைக்குரிய தண்டிக்கும் உரிமையை அவர் மீறினார் என்று நிரூபிக்கப்படவில்லை என்பது காரணம். சட்டத்திலிருந்து நீக்கப்பட்ட உரிமை நீதிபதியின் மனதிலிருந்து நீங்கவில்லை. இந்தத் தீர்ப்புக்குப் பிறகுதான் 1977இல் குழந்தை உரிமைகளுக்கான ஆணையம் அமைக்கப்பட்டது.

1978 அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஜெர்மன் புத்தக வணிகர்களின் அமைதிப் பரிசைப் பெற்றுக்கொண்டு ஆஸ்ட்ரிட் லிண்ட்கிரன் பேசினார். பிப்பி என்ற குறும்புக்காரச் சிறுமியைப் படைத்த அதே எழுத்தாளர். உலக ஆயுதக் குறைப்பைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் அவர் சமையலறையைப் பற்றிப் பேசினார். அதில் வரும் கதை இது. தவறு செய்த சின்ன மகனை, நீயே போய் ஒரு விளாறு ஒடித்துக்கொண்டு வா என்று அனுப்புகிறாள் ஒரு தாய். வெகுநேரம் கழித்துப் பையன் அழுதுகொண்டே திரும்பி வருகிறான். விளாறு கிடைக்கவில்லை அம்மா, இந்தக் கல் கிடைத்தது, இதை என்மேல் எறிந்துகொள் என்று நீட்டுகிறான். அம்மாவுக்கு என்னை நோகடிக்க வேண்டும். அதற்குக் கல்லும் ஆகும். பிள்ளை புரிந்துகொண்டது அவ்வளவுதான். அந்தத் தாய் அந்தக் கல்லைச் சமையலறை அலமாரியில் வைத்துக்கொண்டாள். நம் வீட்டிலும் புளிய விளாறை அடிபடப்போகும் பிள்ளையே ஒடித்துவரும் வழக்கம் இருந்தது. இந்தக் கதையை முதலில் படித்தபோது நெஞ்சு அடைத்துக்கொண்டது.

1979 மார்ச்சில் ஸ்வீடன் நாடாளுமன்றம் வாக்களித்தது. ஆதரவு 259, எதிர்ப்பு 6. ஜூலை 1 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. குழந்தையை உடல் தண்டனைக்கோ இழிவுபடுத்தும் வேறு நடத்தைக்கோ உள்ளாக்கக் கூடாது என்பதே அதன் சாரம். இதில் கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் எழுதப்பட்ட இடம். அதைக் குற்றவியல் சட்டத்தில் சேர்க்காமல் பெற்றோர் சட்டத்தில் எழுதினார்கள். மீறினால் இத்தனை ஆண்டு சிறை என்று அதில் ஒரு வரி கிடையாது. காயம் வருமளவு தாக்கினால் எல்லோருக்கும் உள்ள தாக்குதல் சட்டம் இருக்கவே இருக்கிறது. புதிய வரியின் வேலை வேறு: இனி பெற்றோர் என்பது ஒரு சாக்காகாது என்று நாடு முழுக்கச் சொல்வது.

சொன்ன விதம்தான் அதைவிட முக்கியம். அடிக்காமல் பிள்ளை வளர்க்க முடியுமா என்ற கேள்வியைத் தலைப்பாக்கி, 16 பக்கத்தில் ஒரு சிறுநூல் அச்சிட்டு, குழந்தை இருக்கும் எல்லா வீடுகளுக்கும் அரசு அனுப்பியது. குடியேறி வந்தவர்களுக்காக வேறு மொழிகளிலும் அச்சானது. இரண்டு மாதம் பால் அட்டைப்பெட்டிகளில் புதிய சட்டம் அச்சிடப்பட்டது. காலை உணவு மேசையில் பெட்டி நிற்கிறது. பெரியவர் படிக்கிறார். எழுத்துக்கூட்டத் தெரிந்த பிள்ளையும் படிக்கிறது. ஒரே வாக்கியத்தை ஒரே நேரத்தில் இருவரும். அடிக்கப்படுபவரே படிக்கும்படி எந்தச் சட்டமும் அதற்கு முன் வெளியிடப்பட்டதாக நான் அறியேன். குழந்தைகள் நல மையங்களில் செவிலியர்கள் இளம் பெற்றோரைக் கூட்டிவைத்து, இரவெல்லாம் அழும் குழந்தையை என்ன செய்வது, அடம்பிடித்தால் என்ன செய்வது என்று பேசினார்கள். ஒரு திருச்சபையைச் சேர்ந்த பெற்றோர் சிலர், எங்கள் மத நம்பிக்கையிலும் குடும்ப வாழ்க்கையிலும் அரசு நுழைகிறது என்று ஸ்ட்ராஸ்பூர்க் வரை போனார்கள். 1982இல் அந்த முறையீடு ஏற்கப்படவில்லை. 1960களில் அங்கே ஏறக்குறைய பத்தில் ஒன்பது சிறு குழந்தைகள் வீட்டில் அடி வாங்கினார்கள் என்கின்றன ஆய்வுகள். 2000க்குப் பிறகு அது பத்தில் ஒன்று என்ற அளவுக்கு வந்தது. சட்டம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். மனம் மாறத் தொடங்கியிருந்த சமூகத்தில் சட்டம் வந்தது. வந்த சட்டம் மாற்றத்தை வேகப்படுத்தியது. 2007இல் ஸ்வீடன், ஆஸ்திரியா, ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் 5,000 பெற்றோரிடம் ஜெர்மன் ஆய்வாளர் புஸ்மான் நடத்திய ஒப்பீட்டில், தடையும் இருந்து அதை நீண்ட காலம் மக்களிடம் எடுத்துச் சென்றும் இருந்த ஸ்வீடனில்தான் அடி மிகக் குறைவு என்று தெரிந்தது.

பின்லாந்து, நார்வே, ஆஸ்திரியா என்று வரிசை நீண்டு, இன்று 60க்கும் மேற்பட்ட நாடுகள் வீட்டிலும் அடியைத் தடைசெய்திருக்கின்றன. வன்முறையில்லாத வளர்ப்பு குழந்தையின் உரிமை என்று ஜெர்மனி 2000இல் தன் குடிமைச் சட்டத்தில் எழுதியது. ஜப்பானில் 2020இல் தடை வந்தது. தென்கொரியா 2021இல் பெற்றோரின் தண்டிக்கும் உரிமையைக் குடிமைச் சட்டத்திலிருந்து எடுத்தது. பிரான்ஸ் 2019இல் செய்தது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பெற்றோரின் அதிகாரம் உடல் வன்முறையோ மன வன்முறையோ இல்லாமல் செலுத்தப்பட வேண்டும் என்ற வரியைக் குடிமைச் சட்டத்தின் 371-1 பிரிவில் சேர்த்தார்கள். அந்நாட்டு வழக்கப்படி நகர மன்றத்தில் நடக்கும் திருமணத்தில் மேயர் மணமக்களுக்கு வாசித்துக் காட்டும் பிரிவுகளில் அதுவும் ஒன்று. குழந்தை பிறக்கும் முன்பே, மாலையும் கழுத்துமாக நிற்கும்போதே காதில் விழுந்துவிடுகிறது.

நியூசிலாந்தில் 2007இல் 113க்கு 8 என்று நாடாளுமன்றம் நிறைவேற்றிய தடைக்கு எதிராக 2009இல் பொதுவாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் 87 சதவீதம் பேர் லேசான அடி குற்றமாகக் கூடாது என்றார்கள். அந்த வாக்கெடுப்பு அரசைக் கட்டுப்படுத்தாதது, ஆகவே சட்டம் அப்படியே நின்றது. இது ஜனநாயகமா என்று கேட்கலாம். நானும் கொஞ்ச நாள் தடுமாறினேன். ஆனால் வாக்களித்தவர்கள் யார்? அடி வாங்கும் வயதில் இருந்த ஒருவருக்கும் அன்று வாக்குரிமை இல்லை.

தென்னாப்பிரிக்காவில் சவுக்கடிக்கு வேறு நினைவு உண்டு. நிறவெறி அரசின் நீதிமன்றங்கள் கறுப்பின இளைஞர்களுக்குக் கசையடி தண்டனை வழங்கிவந்தன. அரசியல் சாசன நீதிமன்றம் 1995இல் அதை ஒழித்தது. 1996இல் பள்ளிகளில் தடை. வேதாகமம் சொல்கிறது, எங்கள் பள்ளிகளில் பிரம்புக்கு விலக்கு வேண்டும் என்று கேட்ட கிறிஸ்தவப் பள்ளிகளின் சங்கத்துக்கு 2000இல் விலக்கு மறுக்கப்பட்டது. 13 வயது மகனை அடித்து உதைத்த தந்தை ஒருவரின் வழக்கிலிருந்து கிளைத்த கேள்வி 2019இல் அதே நீதிமன்றத்துக்கு வந்தது. நியாயமான தண்டனை என்ற ஆங்கிலப் பொதுச்சட்ட விலக்கு குழந்தையின் கண்ணியத்துக்கு முரண் என்று அது ரத்தானது. ஈஸ்ட்போர்னிலிருந்து புறப்பட்ட சொற்றொடர் ஜோஹன்னஸ்பர்க்கில் முடிவுக்கு வந்தது. தெற்காசியாவில் முதலாவது நேபாளம். அங்கே 1992ஆம் ஆண்டுக் குழந்தைச் சட்டம் சிறு அடிக்கு இடம் தந்திருந்தது; 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சொற்களை வெட்டியது; 2018இல் வீட்டிலும் தடை வந்தது.

இந்த இடத்தில் ஓர் அச்சத்தைப் பேசாமல் போனால் நேர்மையாக இருக்காது. அடியைத் தடுக்கப் புறப்படும் அரசு, பிள்ளையையே பிடுங்கிக்கொண்டு போய்விடாதா? நார்வேயில் வாழும் ஈழத்தமிழர்களும் இந்தியக் குடும்பங்களும் இந்தப் பயத்தை நன்றாக அறிவார்கள். 2011இல் அங்கே ஓர் இந்தியத் தம்பதியின் இரு குழந்தைகளைக் குழந்தைகள் நலத் துறை எடுத்துச் சென்றதும், இந்திய அரசே தலையிட்டதும், அடுத்த ஆண்டு பிள்ளைகள் உறவினரோடு இந்தியா திரும்பியதும் நாடறிந்த செய்தி. புலம்பெயர்ந்த குடும்பங்கள் மட்டும் சந்திக்கும் பிரச்சினை இல்லை இது. பெற்ற தாயிடமிருந்து பிள்ளையைப் பிரித்துத் தத்துக் கொடுத்த ஒரு வழக்கில் 2019இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தின் பேரமர்வு நார்வேக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. குழந்தையைப் பெற்றோரிடமிருந்து பிரிப்பதும் குழந்தைக்கு விழும் அடிதான், சில வேளை ஆறாத அடி. இருந்தாலும் அடியைத் தடை செய்யும் சட்டம் வேறு, குழந்தையை எடுத்துச் செல்லும் அதிகாரம் வேறு. முதலாவதன் நியாயத்தை இரண்டாவதன் தவறுகள் அழித்துவிடாது. ஸ்வீடனின் செவிலியர் செய்த வேலைக்குப் பதிலாக அதிகாரி வாசலில் வந்து நின்றால் என்ன நடக்கும் என்பதற்கு நார்வே ஒரு பாடம்.

நம் நிலைமை என்ன? மத்திய அரசின் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களைச் சேர்ந்த 12,447 குழந்தைகள் பேசினார்கள். மூன்றில் இருவர் உடல் கொடுமைக்கு உள்ளானவர்கள். பள்ளி செல்வோரில் 65 சதவீதம் பேர் அங்கே அடி வாங்கியவர்கள். டெல்லி பள்ளி விதிகளில் இருந்த பிரம்படிக்கான அனுமதியை 2000இல் டெல்லி உயர் நீதிமன்றம் செல்லாததாக்கியது. தமிழ்நாடு 2003இலேயே கல்வி விதிகளின் 51ஆம் விதியைத் திருத்தி, உடல் வலியும் மன வலியும் தரும் தண்டனைகளை விலக்கியது. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு நாடு முழுக்க அதைத் தடுத்தது. ஆனால் அந்தச் சட்டம் 6 முதல் 14 வயது வரைக்குத்தான். மீறினால் துறை நடவடிக்கை. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. காப்பகங்களில் அடிப்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தண்டனைக்குரியது. வீட்டைப் பற்றி நேரடியாக எதுவும் இல்லை. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் பள்ளிச் சுவர்களில் எழுதியிருக்கிறது. அப்பா அடித்தால் அந்த எண்ணை அழைக்கலாமா என்று ஒரு பிள்ளை கேட்டால் நம் சட்டத்தை வைத்து ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது.

இலங்கையில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தந்த தீர்ப்பு நினைவில் வைக்கத் தக்கது. ஆசிரியர் கன்னத்தில் அறைந்ததில் ஒரு பள்ளி மாணவனின் கேட்கும் திறன் பாதிக்கப்பட்டது. சித்திரவதையிலிருந்தும் இழிவான நடத்தையிலிருந்தும் காக்கும் அரசியல் சாசன உரிமை மீறப்பட்டது என்று நீதிமன்றம் கூறியது. காவல் நிலையச் சித்திரவதைக்கு எதிராகப் பயன்பட்டுவந்த 11ஆம் உறுப்புரை அது. கண்ணை விட்டுவிட்டார்கள்; காதில் விழுந்தது.

இந்திய தண்டனைச் சட்டத்துக்கு விடைகொடுத்து, காலனியச் சுவடுகளை நீக்குவதாகச் சொல்லி, பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஸ்வீடனின் சட்டம் வந்து அன்றோடு 45 ஆண்டுகள். புதிய சட்டத்தில் 89ஆம் பிரிவைத் தேடினேன். 27 என்ற எண்ணில் இருந்தது. 12 வயதுக்கு உட்பட்டவர், நன்மை, நல்லெண்ணம், பாதுகாவலரின் சம்மதம் எல்லாம் 1860இல் இருந்த மாதிரியே இருந்தன. கீழே அதே உதாரணம்: தந்தை, குழந்தை, மருத்துவர், கல்.